ஓடுபாதையில் தார்ப்பாய் போட்ட நாள்

மலைப் பாதையில் வீடு அளவுக்குப் பாறை ஒன்று உருண்டு விழுந்து, ஏற்காட்டுப் பஸ்ஸெல்லாம் ஒன்பது நாள் அடிவாரத்தோடு திரும்பிப் போனதே, அந்த மழைக்காலம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. பாறை விழுந்த அன்று நான் மூன்று மூட்டைப் பேரிக்காயோடு சேலத்துக்கு இறங்கியிருந்தேன். காய் விற்றுவிட்டது, வீடு திரும்ப வழியில்லை. அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தவனிடம் ஒரு காண்ட்ராக்டர் வந்து பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க பெரியவரே, கல்லுப் பொறுக்க ஆள் கெடைக்குமா?"

"காப்பிப் பழம் பொறுக்கற ஆளுக இருக்கறாங்க. கல்லு என்னத்துக்குங்க?"

"ஏரோப்பிளான் ஓடற பாதையில."

நான் சிரித்தேன். ஏரோப்பிளான் ஆகாயத்தில் அல்லவா ஓடுகிறது என்றேன். அவரும் சிரித்து எனக்கு இன்னொரு டீ சொன்னார். அந்த டீயோடு ஏழு வருடம் போனது. மூன்று ஊர்களில் ஓடுபாதை வேலை பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் கரடியூர் செல்வி. அவளும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு அதே மாதிரி வேலைக்குப் போகிறாள். போன வாரம் எங்கள் ஊர் செம்மநத்தத்துக்கே வந்து, "மாது மாமா, அங்க என்னென்ன பாத்துக்கோணும்னு சொல்லுங்க" என்று கேட்டாள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். எனக்கு எழுதத் தெரியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எழுதுகிறார். என் பேச்சைத் திருத்தமாக எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காப்பிக் காட்டில் நான் பார்த்த வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல் விழுந்து முளைக்கிற வயதில் போனேன், மீசை நரைக்கிறபோது மேஸ்திரி ஆனேன். அங்கே கற்றது இரண்டே இரண்டு. பழம் எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை பிடித்து, ஒருத்தரை ஒருத்தர் முந்தாமல் போக வேண்டும். களத்தில் காப்பி காயும்போது ஒரு துளி மழை விழுந்தாலும், சோறு தின்கிற கையோடு ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைக்க வேண்டும். காற்று கிளப்பிவிடக் கூடாதல்லவா! முதல் பாடம் எங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. இரண்டாவது, வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அதற்கு வருகிறேன்.

பஸ் இல்லாததால், நான் சொல்லியனுப்பியதும் எங்கள் ஆட்கள் பழைய ஒற்றையடிப் பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். என்னோடு சேர்த்து இருபத்திரண்டு பேர், அதில் பதினான்கு பேர் பெண்கள். விமான நிலையம் எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. மலையிலிருந்து பஸ்ஸில் அரை நாள். சின்ன நிலையம்தான், காலையில் ஒரு விமானம், சாயங்காலம் ஒரு விமானம். நடுவில் வேலை.

சமவெளி வெயில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் ஊரில் மத்தியானத்திலும் மூடுபனி வந்து எதிரில் வருகிறவர் முகம் தெரியாது. இங்கே தார் உருகுகிறது. எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். சேலைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு எங்கள் பாப்பாத்தி, "எல்லாரும் ஆரஞ்சுப் பழமாட்டம் இருக்கறம். யாராச்சும் உரிச்சுத் தின்னுபோடுவாங்க" என்றாள். பாப்பாத்திதான் பெண்களுக்குத் தலைவி. வாய் நீளம், கை அதைவிட வேகம். முதல் விமானம் எங்கள் பக்கமாக ஓடி வந்து தலைக்கு மேலே ஏறியபோது, மூட்டை தூக்குகிற வெள்ளையன், மலை மாதிரி ஆள், தரையில் குப்புறப் படுத்துவிட்டான். "எந்திரிடா, அது பருந்துமில்ல, நீ கோழிக்குஞ்சுமில்ல" என்று பாப்பாத்தி அவனைக் கிளப்பினாள். ஒரு வாரத்துக்கு அவனுக்குப் பெயர் கோழிக்குஞ்சு.

வேலை இதுதான். ஓடுபாதையின் ஒரு முனையில் கான்கிரீட் உடைந்துபோயிருந்தது. அந்தக் கடைசிப் பகுதியை மூடி, முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதையில் விமானங்கள் வழக்கம்போல ஓடின. அதாவது, பாதை கொஞ்ச நாளைக்குக் குட்டையாகிவிட்டது. குட்டைப் பாதை முடிகிற இடத்தில், தரையில் பெரிய வெள்ளைப் பெருக்கல் குறி. எங்கள் ஊர்க் கூரை வீடு இரண்டைச் சேர்த்து வைத்தாலும் அந்தக் குறிக்குள் அடங்கிவிடும். இதற்கு அப்பால் வராதே என்று விமானத்துக்குச் சொல்வது அது.

இதையெல்லாம் எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னவர் வசந்தா மேடம், அங்கே பாதுகாப்பு அதிகாரி. நாமக்கல் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், வெள்ளை ஹெல்மெட், ஆம்பளை ஷூ. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசுகிறது காதில் விழ வேண்டுமானால் நாம் வாயை மூட வேண்டும், அவ்வளவு மெதுவான குரல். காண்ட்ராக்டர் ஒலிபெருக்கி மாதிரிக் கத்துவார், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேடம் தொண்டையைச் செருமினால் இருபத்திரண்டு பேரும் நிமிர்வோம்.

முதல் நாளே நான் அவரிடம் கேட்டேன். "பாதை குட்டையாயிருச்சுன்னு பைலட்டுக்குத் தாக்கல் சொல்லீருப்பாங்கல்லங்க மேடம்? அப்பறம் தரையில எதுக்குங்க இத்தாப் பெரிய குறி?"

"சொல்லியிருக்குங்க. காகிதத்துல போயிருக்கு. பைலட் கெளம்பறதுக்கு முன்னாடியே கணக்குப் போடுவார். வண்டி எவ்வளவு எடை, காத்து எந்தப் பக்கம், வெயில் எவ்வளவு, பாதை எவ்வளவு நீளம். பாதை நீளமா இருந்தா எஞ்சினை முழுசா முறுக்க மாட்டார். குட்டைன்னா முழுசா முறுக்குவார். பழைய நீளத்தை நெனச்சுட்டு மெதுவா முறுக்கினார்னு வைங்க, எங்க போய் நிப்பார்?"

நான் திரும்பி, வெட்டிக் கிடந்த பள்ளத்தைப் பார்த்தேன்.

"அங்கதான்" என்றார். "அந்தக் காகிதம் மறந்துபோனாலும், கண்ணுக்குத் தெரியணும்."

விமானம் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் வேலையை நிறுத்திவிடுவோம். மண்வெட்டி, கடப்பாரை, மண் அள்ளும் பாண்டு, துடைப்பம் எல்லாவற்றையும் எண்ணி, எல்லையாகக் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றுக்கு வெளியே இருக்கிற தகரக் கொட்டகையில் வைப்போம். பிறகு ஆளுக்கு ஒரு நிரை. குட்டைப் பாதையின் கடைசிப் பகுதியில், அகலம் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, முந்தாமல் பிந்தாமல் நடந்து, கல், ஆணி, கம்பித் துண்டு, எது கிடந்தாலும் பொறுக்குவோம். சுண்டைக்காய் அளவு கல் போதும், எஞ்சின் உறிஞ்சினால் எஞ்சின் போச்சு, டயரில் ஏறினால் டயர் போச்சு. வேறு ஊர்க்காரர்கள் கும்பலாக நடப்பார்களாம். நாங்கள் நிரை பிடித்து நடந்ததை முதல் நாள் பார்த்த மேடம், "இது யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். "காப்பிச் செடிங்க" என்றாள் பாப்பாத்தி.

எல்லாம் முடிந்ததும் நான் மட்டும் இன்னொரு தடவை நடந்து பார்த்துவிட்டு, மேடத்திடம் போய் "கிளியர்ங்க" என்று சொல்வேன். உடனே ஒரு கேள்வி வரும். "பாத்துச் சொல்றீங்களா, கேட்டுச் சொல்றீங்களா?" தினமும் இரண்டு வேளை, ஒரு நாள் தவறாமல் கேட்பார். "பாத்துங்க" என்றால்தான் வாக்கி டாக்கியில், விமானத்துக்கு வழி சொல்கிற டவருக்குச் சொல்வார். ஒரு நாள், நான் நடந்து முடித்த இடத்தில் அவரே நடந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கும்போது அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின வாரம் வேறொரு கூட்டத்து ஆட்கள் கடப்பாரை ஒன்றைப் பாதை ஓரத்தில் விட்டுவிட்டார்கள் என்று மொத்தமாக ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். காண்ட்ராக்டர் எங்களிடமும் சொல்லிவிட்டார். "அடுத்த தப்பு யாரு செஞ்சாலும் கூட்டத்தோட மூட்டை கட்டிக்கோங்க." மலையில் பழம் எடுப்பு ஆரம்பிக்க இன்னும் இரண்டு மாதம். இருபத்திரண்டு வீட்டு அடுப்பும் இந்த வேலையில்தான் எரிந்துகொண்டிருந்தது.

அன்று காலை வெள்ளைக் குறியின்மேல் லாரி ஏறிக் கறையாகியிருந்ததால், விடிந்ததும் புதிதாகப் பெயிண்ட் அடித்தோம். மேகமாக இருந்தது, சீக்கிரம் காயவில்லை. ஒன்பதரைக்கு நிரை நடந்தோம். நான் தனியாகவும் நடந்தேன். சுத்தம். பாதையின் நடுவாட்டில், ஓரமாக நின்ற ஜீப்புக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். "பாத்துச் சொல்றீங்களா?" "பாத்துங்க." டவருக்குச் சொல்லிவிட்டார். எதிர் முனையில் விமானம் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அப்போது வெயிலோடு ஒரு மழை பெய்தது. நான் ஜீப்புக்குள் ஏறிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் இருக்கும், சடசடவென்று அடித்துவிட்டு நின்றுவிட்டது. ஜீப்பின் கண்ணாடி தெளிந்ததும் நான் பழக்கத்தில் வெள்ளைக் குறியைத் தேடினேன்.

காணவில்லை.

தண்ணீர் பளபளப்பில் கண் கூசுகிறது என்று நினைத்தேன். கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தேன். குறி இருந்த இடத்தில் நீல நிறம். தார்ப்பாய்! நாலைந்து தார்ப்பாய்களைச் சேர்த்துப் போட்டு, சுற்றிலும் கறுப்புக் கறுப்பாகக் கல் வைத்திருக்கிறது. நான் கிளியர் சொல்லிவிட்டு வந்த பிறகு, மழை விழுந்ததும், எங்கள் ஆட்கள் கொட்டகையிலிருந்து கயிற்றைத் தாண்டி ஓடி வந்து மூடியிருக்கிறார்கள். களத்துக் காப்பியை மூடுகிற மாதிரியே.

ஒரு மூச்சு விடுகிற நேரம் பேசாமல் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். பைலட்டுக்குத்தான் காகிதம் போயிருக்கிறதே, எல்லா நாளும் குறிக்கு வெகு முன்னாலேயே விமானம் ஏறிவிடுகிறதே, பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் ஓடிப்போய் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று மனசு சொன்னது. வாயைத் திறந்தால் இருபத்திரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டும். அந்த நேரத்தில் விமானம் எதிர் முனையில் திரும்பி எங்களுக்கு நேராக மூக்கை நீட்டியது. ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு தலை இருக்குமே என்று தோன்றியது.

"மேடம், நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்ன சொல்லு செல்லாதுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை, என்ன என்று கேட்கவில்லை. என் வாய் மூடுவதற்குள் வாக்கி டாக்கி அவர் வாய்க்குப் போய்விட்டது. இங்கிலீஷில் நாலு வார்த்தை. எனக்கு "ஸ்டாப்" மட்டும் புரிந்தது. அங்கே எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது, ஏறியது, அப்புறம் இறங்கியது. விமானம் இருந்த இடத்திலேயே நின்றது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லுங்க" என்றார். நான் கையைக் காட்டினேன்.

ஜீப் குறி இருந்த முனைக்குப் பறந்தது. பாப்பாத்தி சந்தோஷமாக எதிரே வந்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒரு சொட்டு நனையலீங்க! பெயிண்டு அப்பிடியே இருக்குது பாருங்க!"

"அடி ஆத்தா, பிளேன் நிக்குது. எல்லாத்தையும் எடுங்க!"

அவள் முகம் மாறிவிட்டது. அடுத்த நொடி எல்லோரும் பாய்ந்தார்கள். தார்ப்பாயைச் சுருட்டினார்கள், கல்லையெல்லாம் கயிற்றுக்கு வெளியே குவித்தார்கள். மேடம் பாப்பாத்தியைக் கேட்டார்.

"எத்தனை கல்லுங்க வெச்சீங்க?"

"பதினாறுங்க. நாலு மூலைக்கு நாலு, ஓரத்துக்கு மும்மூணு. களத்துல எப்பவும் அந்தக் கணக்குத்தானுங்க."

எண்ணினோம். பதினைந்து.

மறுபடியும் எண்ணினோம். பதினைந்துதான். நிரை பிடித்து ஒரு தடவை நடந்தோம். சின்னச் சின்னச் சில்லுகள் நாலைந்து கிடைத்தன, பதினாறாவது கல் கிடைக்கவில்லை. காண்ட்ராக்டர் வேர்த்து ஊற்றிக்கொண்டு ஓடி வந்தார். "ஒத்தைக் கல்லுக்காகப் பிளேனை நிறுத்தி வெக்கறதா? இந்தம்மா எண்ணுனதே தப்பா இருக்கும்!"

"எனக்குப் பள்ளிக்கூடந்தான் தெரியாதுங்க, பதினாறு தெரியும்" என்றாள் பாப்பாத்தி.

மேடம் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னொரு தடவை நடங்க" என்றார் மெதுவாக.

நடந்தோம். அத்தனை பெரிய பாதையில், ஒரு விமானம் நிறைய ஜனங்கள் காத்திருக்க, குனிந்த தலை நிமிராமல் நடந்தோம். கொட்டகைப் பக்கம் வெள்ளையன் மட்டும் தார்ப்பாய்ச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தான்.

"என்னடா வெள்ளையா, நீயே தள்ளாடற?" என்றாள் பாப்பாத்தி.

"நனஞ்சுபோச்சுக்கா. நொம்பக் கனக்குது."

"மத்த மூணையும் ஒத்தக் கையில தூக்கீட்டுப் போன? அஞ்சு நிமிச மழைக்கு இது மட்டும் எப்பிடிடா கனக்கும்? எறக்கு கீழ!"

இறக்கி விரித்தான். உள்ளே ஆட்டுக்குட்டி மாதிரி படுத்திருந்தது பதினாறாவது கல். கல்லோடு சேர்த்துச் சுருட்டிவிட்டிருக்கிறான் படுபாவி! முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மேடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நான் கடைசியாக ஒரு தடவை நடந்துவிட்டு வந்து, "கிளியர்ங்க. பாத்துத்தானுங்க" என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். இந்தத் தடவை நகரவில்லை. அவரும் நானும் கயிற்றோரம் நின்று வெள்ளைக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் முழு மூச்சில் இரைந்தது. விமானம் ஓடி வந்து, குறிக்கு வெகு தூரம் முன்னாலேயே சக்கரத்தைத் தூக்கி, எங்கள் தலைக்கு மேலே போயிற்று. அதுவரை விமானம் போகும்போது காதைப் பொத்திக்கொள்கிற பெண்கள் அன்றைக்குக் கையை ஆட்டினார்கள். வெள்ளையன் படுக்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் காண்ட்ராக்டர் ஆரம்பித்தார். "மூட்டையைக் கட்டுங்க எல்லாரும்."

"இருங்க" என்றார் மேடம். பாப்பாத்தியைக் கூப்பிட்டார். "எதுக்கு மூடுனீங்க?"

பாப்பாத்தி முதல் தடவையாகத் தயங்கிப் பேசினாள். "பெயிண்டு காயலீங்க மேடம். மழையில ஒழுகிப்போனா அந்தப் பைலட் சாமிக்கு எப்பிடிங்க தெரியும்? பள்ளத்துல வந்து உழுந்துருவாரேன்னுதானுங்க..."

மேடம் காண்ட்ராக்டரிடம் சொன்னார். "கயித்தைத் தாண்டுனது தப்பு. அதை எழுதுவேன். காயாத பெயிண்டோட பாதையைத் திறந்துவிட்டது என் தப்பு. அதையும் எழுதுவேன். மழை வந்தா என்ன செய்யணும்னு நான் இவங்களுக்குச் சொல்லவே இல்லை, அதுவும் என் தப்புத்தான். தப்புப் பண்ணினவங்களையெல்லாம் அனுப்பணும்னா நானும் மூட்டை கட்டணும். கட்டட்டுமா?"

காண்ட்ராக்டர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கில்லைங்க மேடம்..." என்று இழுத்தார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மறு நாளே, பெயிண்டை நம்பாமல், வெள்ளைக் குறியாகத் தரையில் பதிக்கிற பலகைகள் வந்தன. கிளியர் சொன்ன பிறகு எங்கள் ஆட்கள் கொட்டகைக்குள் போகாமல், மேடத்தின் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆனது. விமானம் ஏறுகிறவரைக்கும் நான் குறிக்கு முதுகு காட்டக் கூடாது. ஆபத்தென்றால் தூக்குகிற சிவப்புக் கொடி அதுவரை ஒன்றுதான், என்னிடம் மட்டும்தான் இருந்தது. மேடம் இன்னொரு கொடியைக் கொண்டுவந்து பாப்பாத்தி கையில் கொடுத்தார்.

"இனிமே உங்கள்ல யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கொடியைத் தூக்கலாம். மேஸ்திரியைக் கேக்க வேண்டியதில்லை, என்னையும் கேக்க வேண்டியதில்லை. தூக்கினதுக்காக ஒருத்தரையும் திட்ட மாட்டேன்."

பாப்பாத்தி கொடியை விரித்துப் பார்த்தாள். "ஏனுங்க மேடம், எங்க ஊட்டுக்காரரு ஒரு பஸ்ஸைக் கூட நிறுத்துனதில்லீங்க. நான் பிளேனை நிறுத்தலாமா?"

"நிறுத்தலாங்க."

"அப்ப ஊருக்குப் போனா அந்தாளு என்னைய நீங்க வாங்கன்னுதான் பேசோணும்" என்றாள். அன்றைக்கு மத்தியானம் களி உருண்டையும் கீரைக் குழம்பும் எங்கள் சமையல். மேடமும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். களியை மெல்லாமல் விழுங்க அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிச் சிரித்தோம்.

வேலை முடிகிற வரைக்கும் பாப்பாத்தி அந்தக் கொடியை மூன்று தடவை தூக்கினாள். இரண்டு தடவை ஒன்றுமில்லை. ஒரு தடவை நாய் ஒன்று புகுந்திருந்தது. மூன்று தடவையும் மேடம் "நல்லதுங்க" என்றுதான் சொன்னார். இருபத்திரண்டு பேரும் பழம் எடுப்புக்கு முந்தின வாரம் வரை அங்கே வேலை பார்த்துவிட்டுத்தான் மலையேறினோம்.

செல்வி, உனக்கு நான் சொல்வது இதுதான் கண்ணு. கல் பொறுக்க உன் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது நம் கைக்குத் தெரியும். ஆனால் கிளியர் என்று சொல்லிவிட்டோமே என்பதற்காகச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. விமானம் தரையில் இருக்கிறவரைக்கும் அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், மேலே போய்விட்டால் முடியாது. இதை முதல் நாளே உன் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடு. பேச வெட்கப்படுகிறவள் ஒருத்தி பின்னாலேயே நிற்பாள், அவளிடம் தனியாக இன்னொரு தடவை சொல்லு.

வெள்ளையனும் இந்தத் தடவை உன்னோடு வருகிறானாம். அவன் தூக்குகிற சுருளை மட்டும் ஒரு தடவை விரித்துப் பார்த்துக்கொள் சாமி.